தொட்டிலாட்டும் கைக்கும் ஓய்வு நாள் வேண்டும்

(பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர் குடும்பத்துத் தாய்மார்கள் கூடியிருந்த கழகப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தறிக்கொட்டகையின் இரைச்சலைக் காதிலே சுமந்துகொண்டு, கையிலே ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் நேராக இந்தத் திடலுக்கு வந்திருக்கும் என் தோழர்களே!

சுவரொட்டியிலே என் பெயருக்குக் கீழே பெரிய தலைப்பு ஒன்று அச்சாகியிருக்கிறது. அதைப் பற்றிப் பேச என்னிலும் வல்லவர்கள் மேடையிலே அமர்ந்திருக்கிறார்கள். நான் பேசப்போவது பெரிய பொருளன்று. ஒரு கதவைப் பற்றி, இந்த ஊரிலே இன்று காலையில் நான் கண்ட சாத்திய கதவு ஒன்றைப் பற்றி, பேசப்போகிறேன்.

நாடக ஒத்திகைக்காக நேற்றிரவே இங்கு வந்துவிட்டேன். விடியற்காலை தேநீர்க்கடை தேடிப் புறப்பட்டபோது மணி ஐந்தே முக்கால். ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு சந்து. சந்தின் நடுவிலே ஓட்டு வீடு. அந்த வீட்டு வாசலிலே நான்கு பெண்கள். நால்வர் இடுப்பிலும் குழந்தை. ஒருத்தி கையிலே கஞ்சிப் பாத்திரம். ஒருத்தி தோளிலே துணிப்பை. கதவு சாத்தியிருந்தது.

"ஒரு வார்த்தை நேத்தே சொல்லியிருந்தா என்னவாம்?" என்றாள் ஒருத்தி.

"தறி நின்னா முதலாளி சும்மா வுடுவாரா?" என்றாள் இன்னொருத்தி.

அப்போது கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தவர் அறுபது வயதைத் தொட்ட ஓர் அம்மையார். தலையிலே துண்டு. கண்களிலே காய்ச்சல். கதவைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் பேசவில்லை. கைகளை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குழந்தைகளை வாங்கிக்கொண்டார். தாய்மார்கள் தறிக்கு ஓடினார்கள். ஐந்தாவது குழந்தை பிறகு வந்து சேர்ந்தது.

பொறுக்கமாட்டாமல் அருகே சென்று கேட்டேன்: "ஏனம்மா, உடம்பு இப்படிக் கொதிக்கிறதே, இன்று ஒரு நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளக் கூடாதா?"

அவர் சிரித்தார். "ஓய்வெடுத்தா அன்னிக்குக் காசு இல்லீங்க தம்பி. காசு போனாப் போவுதுங்க, புள்ளைங்க வேற வூட்டுக்குப் போயிருமுங்களே!"

தோழர்களே! நான் நாடகம் எழுதுகிறவன். தாய் வேடத்துக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கிறேன். தொட்டிலைப் பாடியிருக்கிறேன், தாலாட்டைப் பாடியிருக்கிறேன், தாய்ப்பாலைப் பாடியிருக்கிறேன். ஆனால் தாய் தறிக்குப் போன பிறகு அந்தத் தொட்டிலை ஆட்டுகிறவள் யார் என்று ஒரு காட்சிகூட எழுதியதில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவளுடைய வேலையை எண்ணிப் பாருங்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை ஐந்து குழந்தைகள். ஒன்றுக்குப் பசி, ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு, ஒன்றுக்கு உறக்கம், மற்றொன்றுக்கு உறங்காமையே விளையாட்டு. ஊட்ட வேண்டும், கழுவ வேண்டும், துடைக்க வேண்டும், தூங்க வைக்க வேண்டும். வாசலுக்கு அப்பால் லாரி போகிறது. கொல்லையிலே தண்ணீர்த் தொட்டி திறந்து கிடக்கிறது. அடுப்பிலே உலை கொதிக்கிறது. தறி ஓட்டுகிறவர் ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் நூல் அறும். அறுந்த நூலை முடிந்துகொள்ளலாம். இவள் ஒரு நிமிடம் கண்ணயர்ந்தால் அறுவது நூலா? அதை முடிந்துகொள்ள எந்தக் கைக்கு வல்லமை உண்டு?

ஆகவே, அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று நான் கேட்பது அவளுக்காக மட்டுமன்று. காய்ச்சல் கண்ட கையிலே குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போகும் தாய்க்காகவும் கேட்கிறேன். அந்தக் குழந்தைக்காகவும் கேட்கிறேன்.

இந்தச் சேலம், நாமக்கல் சமவெளியிலே எதற்கு ஓய்வில்லை? லாரி ஊர் இது. ஓடிக் களைத்த லாரியை எஃப்.சி.க்கு நிறுத்துகிறோம், நிறுத்திப் பழுது பார்த்து வண்ணம் பூசுகிறோம். திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டி பல மாநிலம் சுற்றிவந்தால் பட்டறைக்குப் போகிறது. ஆயுத பூசையன்று தறியும் நிற்கிறது; அதற்குப் பொட்டுகூட வைக்கிறோம். இரும்புக்கு உண்டு ஓய்வு, எந்திரத்துக்கு உண்டு ஓய்வு. எலும்பும் தசையுமாக இருக்கிற இவளுக்கு மட்டும் இல்லையாம்! கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "அவள் தாய் போன்றவள், தாய்க்கு ஏது விடுமுறை?" என்கிறார்கள்.

இந்தப் பட்டம் இருக்கிறதே, 'தாய் போன்றவள்' என்கிற பட்டம், இதைப் பார்த்துத்தான் நான் அஞ்சுகிறேன். 1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் இதே சேலத்து மண்ணிலே நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அறிஞர் அண்ணா கொண்டுவந்த தீர்மானம் என்ன சொன்னது? வெள்ளையர் தந்த பட்டங்களைத் துறந்துவிடுங்கள் என்றது. ராவ்பகதூர்கள் துடித்தார்கள், சர்கள் சலித்துக்கொண்டார்கள். ஆயினும் தீர்மானம் நிறைவேறியது. பட்டம் வேண்டாம், உரிமை வேண்டும் என்ற பாடத்தை நமக்குக் கற்பித்த மண் இது. அந்த மண்ணிலே நின்று சொல்கிறேன்: குழந்தை பார்க்கும் பெண்ணுக்கும் பட்டம் வேண்டாம். தாய் போன்றவள் என்ற புகழுரை வேண்டாம். ஆண்டிலே முப்பது நாள், கூலியோடு கூடிய ஓய்வு கொடுங்கள், போதும்.

முப்பது நாளா என்று மலைக்காதீர்கள். கணக்குச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கமாட்டேன். அதற்கு முன்னால் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உழைத்த ஒவ்வோர் இருபது நாளுக்கும் ஒரு நாள் ஊதிய விடுப்பு என்று வகுத்தது. 2025 நவம்பரிலே நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டமும் அந்த 'இருபதுக்கு ஒன்று' என்ற கணக்கைக் கைவிடவில்லை. தமிழ்நாட்டிலே 1958இல் தேசிய விழா நாள்களுக்கும் பண்டிகை நாள்களுக்கும் ஊதிய விடுமுறை தரும் சட்டம் பிறந்தது. 1969இல் கழக ஆட்சியிலே மே நாள் ஊதியத்தோடு கூடிய விடுமுறை நாளாயிற்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு பண்டிகை நாள் ஐந்தும் சேர்ந்தால் ஒன்பது. இவையெல்லாம் யாருக்கு? தொழிற்கூடம் என்ற பெயர் பெற்ற இடத்திலே, தொழிலாளி என்ற பெயர் பெற்றவருக்கு.

குழந்தைக் காப்பகத்துக்கும் சட்டம் உண்டு. மகப்பேற்று நலச் சட்டத்தை 2017இல் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்திலே காப்பகம் இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல சட்டம். ஆனால் நம் சந்துக்குள் அது நுழையவில்லையே! எட்டுத் தறி ஒரு கொட்டகை, பத்துத் தறி இன்னொரு கொட்டகை. ஐம்பது பேருக்கு எங்கே போவது? ஊர் முழுவதும் தறிதான். ஆனால் கொட்டகை கொட்டகையாகத் துண்டுபட்டுக் கிடப்பதால் சட்டத்தின் கண்ணுக்கு ஊரே தெரிவதில்லை. காப்பகம் இல்லாத ஊரிலே காப்பகமாக நிற்பது அந்த ஓட்டு வீடு. அரசு செய்யவேண்டியதையும் ஆலை முதலாளி செய்யவேண்டியதையும் அறுபது வயது அம்மையார் ஒருவர் செய்துகொண்டிருக்கிறார்.

"அங்கன்வாடி இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களிலே தொடங்கிய திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. அந்தச் சகோதரிகளை நான் வணங்குகிறேன். ஆனால் மையம் மாலையிலே மூடிய பிறகும் தறி ஓடுகிறது. கைக்குழந்தையோடு விடியற்காலையிலே வரும் தாய்க்கு அந்தக் கதவு திறப்பதும் இல்லை.

அந்த அங்கன்வாடிச் சகோதரிகள் கதையும் நமக்குப் பாடம். அவர்கள் பெறுவதற்கு ஒன்றிய அரசு 'ஊதியம்' என்று பெயர் வைக்கவில்லை. 'மதிப்பூதியம்' என்று வைத்தது. மதிப்பு முன்னே நிற்கிறது, ஊதியம் பின்னே தேய்கிறது! 2018 அக்டோபரிலே ஒன்றிய அரசு உயர்த்திய பிறகு அதன் அளவு ஊழியருக்குத் திங்களுக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். மாநிலம் தன் பங்கைச் சேர்த்துத் தருவதால்தான் அடுப்பு எரிகிறது. 2006இல் உச்ச நீதிமன்றம் இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்றது. அவர்கள் ஓயவில்லை. 2013இலே இந்தியத் தொழிலாளர் மாநாடு இவர்களைத் தொழிலாளர் என ஏற்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. 2022 ஏப்ரல் 25ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றம் இவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு, மகப்பேற்றுக்கு 180 நாள் விடுப்பு என்பவையும் அவர்களுக்கு உண்டு. சங்கம் வைத்தார்கள், சாலையிலே அமர்ந்தார்கள், பெற்றார்கள். ஓட்டு வீட்டு அம்மையாருக்குச் சங்கமும் இல்லை, சாலையிலே அமர நேரமும் இல்லை. அமர்ந்தால் ஐந்து குழந்தைகளை யார் பார்ப்பது?

உலகத்திலே எங்கேனும் இப்படிப்பட்டவளுக்கு விடுமுறை கிடைத்ததுண்டா? உண்டு. கனடாவிலே கியூபெக் என்றொரு மாநிலம். அங்கே தம் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்க்கும் பெண்கள் ஆயிரக்கணக்கிலே இருந்தார்கள். சங்கம் வைத்தார்கள். அரசு என்ன செய்தது? 2003இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, "நீங்கள் தொழிலாளரே அல்லர், தனியாகத் தொழில் நடத்துகிறவர்கள்" என்றது. சங்கத்தின் வேரையே வெட்டியது. அவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2008இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2009இல் அவர்களோடு அரசு உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும் என்று புதுச் சட்டம் பிறந்தது. கதவடைக்கும் நாள்களும் அந்தப் பேச்சிலே இடம்பெற்றன. ஓட்டு வீட்டிலே பார்த்தாலும் மாட மாளிகையிலே பார்த்தாலும் குழந்தை பார்ப்பது தொழில்தான் என்று ஒரு மாநிலம் ஒப்புக்கொண்டது.

அதற்கும் முன்பு, 1936ஆம் ஆண்டு பிரான்சிலே நடந்ததைக் கேளுங்கள். தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லியோன் புளும் தலைமையிலான அரசு ஜூன் திங்களிலே ஆண்டுக்கு இரண்டு கிழமை ஊதிய விடுமுறையைச் சட்டமாக்கியது. சீமான்கள் கேலி செய்தார்கள், கூலிக்காரனுக்குக் கடற்கரை எதற்கு என்றார்கள். இன்று அந்தக் கேலி எங்கே? விடுமுறை இருக்கிறது, கேலி செய்தவர்கள் இல்லை.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். கரும்பலகை இல்லை, விரல்விட்டு எண்ணுங்கள். ஆண்டுக்கு 365 நாள். தறி நிற்கும் வார ஓய்வு நாள் 52. மீதம் 313. உழைத்த இருபது நாளுக்கு ஒன்று என்றால் 14 நாள். விழா நாள் 9. நோய்க்கு 7. பதினான்கும் ஒன்பதும் ஏழும் முப்பது. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தந்த அளவைப் பார்த்துத்தான் கேட்கிறேன். அரண்மனை வாழ்வு கேட்கவில்லை.

பணத்துக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குழந்தைக்கு 200. முப்பது நாளைக்கு 6,000. ஐந்து குடும்பத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 1,200. திங்களுக்கு 100 ரூபாய். இவ்வளவுதான் அந்த அம்மையாரின் காய்ச்சலுக்கு விலை!

இங்கேதான் முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் தங்கை ஒருத்தி முகம் வாடுவதைப் பார்க்கிறேன். அவள் மனத்திலே ஓடுவது எனக்குத் தெரிகிறது. "அண்ணே, எனக்கே மீட்டர் கணக்கிலேதான் கூலி. அந்தம்மா கதவைச் சாத்தினால் என் கூலியும் போகிறது. போன கூலிக்கு மேலே அவருக்கும் நான் கூலி தரவேண்டுமா? எனக்கு யார் விடுமுறை தந்தார்கள்?" நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் விடுமுறை பேசுகிறவன், ஏழையின் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஏழைக்கே தானம் செய்கிறவன். அந்த வேலையை நம் கழகம் செய்யாது.

விடை இதுதான். அந்த நூறு ரூபாயைத் தாய் ஒருத்தியே சுமக்கக் கூடாது. குழந்தையை விட்டுவிட்டு அவள் வந்தால்தானே தறி ஓடுகிறது? தறி ஓடினால்தானே முதலாளிக்குத் துணி? ஆகவே முதலாளிக்கும் அதிலே பங்குண்டு. பெண்கள் வேலைக்கு வந்தால்தானே நாடு வளர்கிறது என்று பெருமை பேசுகிறோம்? ஆகவே அரசுக்கும் பங்குண்டு. மூன்று பங்காகப் பிரியுங்கள். தாய்க்குத் திங்களுக்கு 33 ரூபாய் சொச்சம். இரண்டு தேநீரும் ஒரு வடையும்!

அரசின் பங்கை எந்த வாசல் வழியே கொண்டுவருவது? வாசல் இருக்கிறது. 2007இல் கழக ஆட்சியிலே வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தின் பதிவேட்டிலே, தம் வீட்டில் பிறர் குழந்தையைப் பார்ப்பவர் என்று தனியே ஒரு பத்தி திறக்கச் சொல்லுவோம். பதிவு பெற்றவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்புத் தொகை வழங்கச் சொல்லுவோம். நம் ஆட்சியாயிற்றே என்று வாயை மூடிக்கொள்ளாமலும், எதிரி ஆட்சியாயிற்றே என்று கையைக் கட்டிக்கொள்ளாமலும் கேட்போம். 2023 செப்டம்பர் 15ஆம் நாள் குடும்பத் தலைவியர்க்குத் திங்களுக்கு 1,000 ரூபாய் தந்தபோது, அதற்கு 'உதவித்தொகை' என்றா பெயர்? 'உரிமைத்தொகை' என்று பெயர். வீட்டு வேலையும் உழைப்பே என்று ஒப்புக்கொண்ட பெயர். அதே அளவுகோலைத்தான் இங்கேயும் நீட்டுகிறேன்.

ஒன்றிய அரசிடமும் கேட்போம். குழந்தைக் காப்பகத் திட்டத்துக்கு 2022இல் அவர்கள் வைத்த பெயர் 'பால்னா'. இந்தியிலே தொட்டில் என்று பொருளாம். பெயர் எந்த மொழியிலே இருந்தாலும் கட்ட வேண்டியது உத்தரத்திலே. ஆட்டுவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு வாரத்திலே ஒரு நாள், ஆண்டிலே முப்பது நாள் ஓய்வும் திட்டத்திலே எழுதப்படட்டும்.

அரசு வரும்வரை நாம் சும்மா இருப்பதா? கூடாது. நாளைக்கே செய்யக்கூடியவை நான்கு சொல்கிறேன். கழகத் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, குழந்தை பார்க்கும் கூலியை நாள் கணக்கிலிருந்து திங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். நாள் கணக்கு இருக்கும் வரை ஓய்வு என்பது பட்டினியின் மறுபெயர்.

இரண்டாவது, ஒவ்வொரு தைப் பொங்கலிலும் அந்த ஆண்டின் ஓய்வு நாள்களைத் தாளிலே எழுதிக் கதவிலே ஒட்டுங்கள். காலை ஐந்தே முக்காலுக்குச் சாத்திய கதவைப் பார்த்துத் தாய் திகைக்கக் கூடாது. முன்கூட்டித் தெரிந்த விடுமுறை இருவருக்கும் நன்மை. தெரியாமல் வந்த விடுமுறை இருவருக்கும் சண்டை.

மூன்றாவது, நோய் முன்னறிவிப்போடு வராது. ஆகவே சந்துக்குச் சந்து இருவரை இணையாக்குங்கள். ஒருவர் படுத்தால் மற்றவர் அன்று இரண்டு குழந்தையைக் கூடுதலாகப் பார்க்கட்டும். மீதியைப் பார்க்க மாற்றாள் ஒருவரை முன்னதாகவே பழக்கி வையுங்கள். குழந்தைக்கு அறியாத முகத்திலே அச்சம் உண்டு. மாற்றாள் மாதத்திலே ஒரு நாளாவது வந்து விளையாடிப் பழகியிருக்க வேண்டும். படுத்தவர் கூலி குறையாமலும், மாற்றாளுக்குக் கூலி கிடைக்குமாறும் அந்த மூன்று பங்கு நிதி பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, விடுமுறை எடுத்தார் என்பதற்காக எந்தத் தாயும் குழந்தையை வேறு வீட்டுக்கு மாற்றுவதில்லை என்று வாக்குக் கொடுங்கள். அந்த அம்மையார் கூலி போவதற்கு அஞ்சவில்லை. குழந்தைகள் போவதற்கு அஞ்சினார். இந்த அச்சம் நீங்காமல் எழுதி ஒட்டிய தாளிலே உயிர் இராது.

இதெல்லாம் சந்துப் பிரச்சினை, இதற்கா கழக மேடை என்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். 1929 பிப்ரவரியிலே செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். வீட்டு விவகாரம் மேடைக்கு எதற்கு என்றார்கள். அறுபது ஆண்டு சென்றது. 1989இலே கலைஞர் ஆட்சியில் அது சட்டமாயிற்று. வீட்டு விவகாரத்தை நாட்டு விவகாரமாக்கியதுதான் இந்த இயக்கத்தின் வரலாறு. அறுபது ஆண்டு காத்திருக்க அந்த அம்மையாருக்கு வயதில்லை. அதனால்தான் அவசரப்படுகிறேன்.

மேடைக்கு வரும் வழியிலே மீண்டும் அந்தச் சந்து வழியாக வந்தேன். மாலை ஆறு மணி. தாய்மார்கள் குழந்தைகளை வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிக் குழந்தை போக மறுத்து அவர் முந்தானையைப் பற்றிக்கொண்டது. அவர் குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். பிறகு திண்ணையிலேயே சாய்ந்துவிட்டார். நாளை காலை ஐந்தே முக்காலுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தாக வேண்டும்.

தாய்மார்களே! உங்களிலே ஐந்து பேர் அந்த வீட்டுக்குக் குழந்தையை அனுப்புகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போகும் வழியிலே அந்தத் திண்ணையண்டை நில்லுங்கள். "ஆயா, நாளைக்குப் படுத்திருங்க, நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்கறோம், உங்க காசு குறையாது" என்று சொல்லுங்கள். சட்டம் பிறகு வரட்டும். முதல் ஓய்வு நாள் நாளைக்கே பிறக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க உழைப்போர் உரிமை!